கடைசிப் பக்கத்து ஈர மை

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில், பழம்பொருள் வாங்கி விற்கும் ரவிச்சந்திரனின் பங்களா முன் ரெபேக்காள் ஆட்டோவை விட்டு இறங்கும்போது பகல் பன்னிரண்டு மணி. வாசலில் தம்பி பெஞ்சமினின் பைக் நின்றது. அப்படியானால் புத்தகமும் உள்ளேதான்.

கரை சேராமல் மூழ்கிய ஒரு பாய்மரக் கப்பலின் லாக்புக் அது. காற்று, ஆழம், செத்தவர் பெயர் என்று மாலுமிகள் அன்றாடம் எழுதிய புத்தகம். கரை ஒதுங்கிய பெட்டியிலிருந்து முப்பாட்டன் எடுத்தது. விற்கமாட்டேன் என்று சாகக் கிடந்த அப்பாவின் கட்டில் பக்கத்தில் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னவன் இந்த பெஞ்சமின்தான். இன்று காலை பார்த்தால் பீரோ காலி. பாவிப்பயல்!

ஹாலில் ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. ஆனாலும் கடல்பாசி நாற்றம் மூக்கைத் துளைத்தது. வெள்ளைக் கையுறை போட்ட ரவிச்சந்திரன் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

“மூழ்கின கப்பலோட புக்குன்னா சேகரிக்கிறவங்க அடிச்சிப்பாங்க தம்பி. பொக்கிஷம் இது.”

“டேய், இன்னாடா பண்ணிகினு கீற?” என்றாள் ரெபேக்காள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெஞ்சமின் சட்டென்று எழுந்தான்.

“நீங்க யாரும்மா?”

“இவன் அக்கா சார். ரெபேக்காள்.”

அவர் புத்தகத்துக்குள்ளிருந்து ஸ்டாம்ப் பேப்பரை உருவினார். “அக்கா ரெபேக்காள் கடல்ல மூழ்கி இறந்துட்டாங்க, வேற வாரிசு இல்லைன்னு தம்பி எழுதிக் கொடுத்திருக்காரே?”

அவள் குனிந்து பார்த்தாள். புதுப்பட்டினம் மெஸ்ஸில் பாத்திரம் கழுவி அவள் படிக்கவைத்த தம்பி. அவன் கையெழுத்துதான்.

ரவிச்சந்திரன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். புருவம் சுருங்கியது.

“யாருப்பா இதுல புதுசா எழுதினது? புது மை பட்டா எவனும் தொடமாட்டான்.”

“நான் எழுதல சார்…”

அவர் தொட்டுப் பார்த்தார். கையுறையில் மை ஒட்டியது.

இன்றைய தேதி.

ரெபேக்காள். மூழ்கினாள்.

அவள் வாயில் உப்புக் கரித்தது. முந்தானை கனத்தது, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கத்த நினைத்தாள். காற்றோடு மெல்லிய குரல்தான் வந்தது.

“பெஞ்சமினு… நான் உசுரோட கீறேன்னு சொல்லுடா.”

அவன் அக்காவைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான்.

“எனக்கு அக்கா இல்ல சார். இது யாருன்னே தெரியாது.”

மை காய்ந்தது.

கண்ணெதிரே பழுப்பேறி, நூற்றைம்பது வருஷத்து மற்ற வரிகளோடு ஒன்றாகிப் போனது.

“அட, பழைய மைதான்!” ரவிச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். “யாரோ வந்தாங்களே?”

பெஞ்சமின் திரும்பினான். அவன் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போனது.

“யாரும் இல்லையே சார்.”

இந்த முறை அவன் பொய் சொல்லவில்லை.

ரெபேக்காள் பாய்ந்து அவன் தோளைப் பிடித்தாள். அவன் சிலிர்த்துச் சட்டையைத் தட்டிவிட்டான். தோளில் ஐந்து விரல் ஈரம் பதிந்திருந்தது. ஃபேன் காற்றில் அது காய்ந்தது. உப்பு மட்டும் வெள்ளையாக நின்றது.