மாற்றிக் கட்டிய தலைப்பாகை

பெம்பி சுட்டு வைத்த கம்பு ரொட்டியை அன்று காலை மாமனார் தொடவே இல்லை. மோர்ச் செம்பில் ஈ மொய்த்தது. குடிசை நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ரண்மல், பேத்தி நேனுவைக் கூப்பிட்டார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. மூட்டையைக் கட்டி வைக்கச் சொல்லு. நண்டு லாரி திரும்பறப்ப அவளும் அதுல ஏறிடணும்."

மணலில் திணறித் திணறி ஊர்ந்து வரும் அந்தப் பழைய லாரிக்கு ஊரார் வைத்த பெயர் அது. சொன்ன சேதியைக் கேட்கப் பெம்பிக்கு மகளின் உதவி தேவையில்லை. அவள் நின்றது நாலடி தள்ளித்தான். ஆனால் அந்த மணல்காட்டில் மாமனார் முன்னால் மருமகளுக்கு முக்காடும் மௌனமும்தான் மரியாதை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் முகத்தை ரண்மல் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. மணிக்கட்டு முதல் தோள் வரை அவள் அடுக்கியிருந்த வெள்ளை வளையல்களின் சத்தம்தான் அவருக்கு அவள் பேச்சு. சத்தத்தை வைத்தே மருமகளின் கோபத்தையும் பேத்தியின் காய்ச்சலையும் கிழவர் கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரே கேலி செய்யும். அன்று அந்த வளையல்கள் அசையவே இல்லை.

எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் வந்த வினை. ரண்மலின் மகள் ஹுர்மி, புகுந்த வீட்டிலிருந்து அழுத கண்ணோடு தனியாக வந்து இறங்கினாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் அது. ஹுர்மியின் புருஷன் பெம்பியின் அண்ணன். பெம்பியின் புருஷன் பூரோ ஹுர்மியின் அண்ணன். ஒரு வீட்டுப் பெண் வாழாமல் திரும்பினால் மறு வீட்டுப் பெண்ணும் திரும்பியாக வேண்டும். பிள்ளை மட்டும் அப்பன் வீட்டில் நின்றுவிடும். பூரோவோ கோதுமை அறுப்புக்குக் கால்வாய்ப் பக்கம் போயிருந்தான். இருந்திருந்தாலும் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிற ஆள் இல்லை.

"அங்க எனக்கு இனி இடமில்லப்பா" என்று மட்டும்தான் ஹுர்மி சொன்னாள். அடித்தார்கள், துரத்தினார்கள் என்று மிச்சத்தையெல்லாம் கிழவரே சேர்த்துக்கொண்டார். பெற்ற மனசு அப்படித்தான்.

உண்மை பெம்பிக்குத் தெரியும். விடிந்ததும் விடியாததுமாகக் கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும் கழுதை வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு தூரப் போன நேரத்தில், ஹுர்மி அவள் தோளில் சாய்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

இரண்டு கல்யாணமும் நடந்த அன்று வன்னி மரத்தடியில் இரண்டு அப்பாக்களும் தலைப்பாகை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொண்டவர்கள் உடன்பிறந்தவர்களுக்கும் மேல். பெம்பியின் அப்பா ஜேட்டோவின் சிவப்புத் தலைப்பாகை ரண்மல் தலைக்கு வந்தது. ரண்மலின் மஞ்சள் தலைப்பாகையை ஜேட்டோ சாகும்வரை கட்டினார். அவர் போன பிறகு பெம்பியின் அம்மா அதைப் பெட்டியில் மடித்து வைத்து, நாள் கிழமையில் சாம்பிராணி காட்டி வந்தாள். ஒட்டுத்துணிகளைச் சேர்த்து ரல்லிப் போர்வை தைக்கப் பழந்துணி தேடிய ஹுர்மி, அது இன்னதென்று தெரியாமல் எடுத்து, சதுரம் சதுரமாக வெட்டிவிட்டாள்.

"எங்கப்பா மானத்த நானே வெட்டிட்டேன் அண்ணி" என்று விம்மினாள் ஹுர்மி. "அப்பாகிட்ட சொல்லாதீங்க. நேனு மேல சத்தியம் பண்ணுங்க."

திரும்பிப் போ, அம்மா மன்னிப்பாள் என்று பெம்பி எவ்வளவோ சொன்னாள். ஹுர்மி கேட்கவில்லை. கடைசியில் பெம்பி சத்தியம் செய்து கொடுத்தாள். அது தன் வாழ்க்கையையே குலைத்துவிடும் என்று தெரிந்தேதான் செய்தாள். தாயில்லாமல் வளர்ந்த இந்தப் பெண்ணுக்கு, பிறந்த வீடு வரும்போதெல்லாம் தலைவாரிப் பின்னிவிட்டது அவள் கைதான். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

வெயில் ஏறியது. பெம்பி மூட்டையைக் கட்டினாள். நேனுவின் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்தாள். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது, அப்போதுதான் முக்காட்டுக்குள் அழுதாள்.

மணல்மேட்டுக்கு அப்பால் லாரி உறுமியது. ரண்மல் எழுந்தார். தலையிலிருந்த சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றி, நரைத்த வெறுந்தலையோடு நின்று, அதைப் பெம்பியின் மூட்டை மேல் வைத்தார்.

"நேனு, உங்கம்மாகிட்ட சொல்லு. இத அவ அம்மாகிட்டயே குடுத்துடச் சொல்லு. என் மகள அழ வச்ச வீட்டோட எனக்கு உறவு இல்ல."

பெம்பி அப்பாவின் தலைப்பாகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேனு அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு பெம்பி நடக்கத் தொடங்கினாள்.

"அண்ணி, நில்லுங்க!"

ஹுர்மி ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்தாள். "அவங்க யாரும் என்னைத் துரத்தலப்பா. உங்க மஞ்சத் தலப்பாவ ரல்லிக்கு வெட்டுனது நான்தான். அத்தை ஒரு வார்த்தை ஏசல. துண்டையெல்லாம் மடியில அள்ளி வச்சுக்கிட்டு அழுதாங்க. அதப் பாக்க முடியாம நானே ஓடி வந்துட்டேன்."

ரண்மல் மருமகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"இவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. நேனு மேல சத்தியம் வாங்கி நான்தான் அண்ணி வாயைக் கட்டிட்டேன்."

கிழவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். வாய் திறக்க முடியாதவள் மேல் இவ்வளவு பழியையும் போட்டோமே என்று நொந்துகொண்டார். பிறகு மகளிடம் கத்தரிக்கோல் கேட்டார். நேனுவை விட்டுச் சிவப்புத் தலைப்பாகையையும் வாங்கிக்கொண்டார்.

"நேனு, உங்கம்மாகிட்ட சொல்லு. என் மக அவ வீட்டு மரியாதைய வெட்டிட்டா. அதுக்கு ஈடா இதையும் வெட்டுறேன். பாதிய அந்தத் தாய்கிட்ட குடுத்துக் கால்ல விழறேன்."

"வேண்டாம் மாமா."

ஹுர்மி திரும்பிப் பார்த்தாள். நேனு வாயைப் பிளந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து குரல் மெல்ல, ஆனால் தடுமாறாமல் வந்தது.

"ஒரு வீட்டுல வெட்டுனது போதும். இத நீங்க கட்டிக்குங்க. அந்தத் துண்டுங்கள ஹுர்மி ரல்லியாத் தைச்சு அம்மாவுக்குப் போத்தட்டும். அம்மாவுக்குக் குளிர்காலத்துல முட்டி வலிக்கும்."

ரண்மல் தலைநிமிர்ந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"ஜேட்டோ பேசுறாப்லயே இருக்கு" என்றார். "இத்தனை வருஷம் என் வீட்டுலயே இருந்திருக்கு. நான்தான் கேக்கல."

ஹுர்மி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெம்பி அவள் முதுகைத் தடவினாள். வளையல்கள் அன்று முதன்முறையாகச் சத்தம் போட்டன.

ரண்மல் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தானே லாரியில் ஏறினார். ஏறியதும் காலையில் தொடாத ரொட்டி ஞாபகம் வந்தது. நேனு எடுத்துவர ஓடினாள்.

"நீ இரு கண்ணு" என்றார் கிழவர். பிறகு முக்காட்டைப் பார்த்து நேராகவே சொன்னார். "நீ கொண்டா மகளே."

பெம்பி கொண்டுவந்து கொடுத்தாள். ரொட்டி காய்ந்து விறைத்திருந்தது. கிழவர் அதை மோரில் நனைக்கக்கூட இல்லை, அப்படியே கடித்தார்.

"மெதுவா சாப்பிடுங்க மாமா" என்றாள் அவள்.