செத்த கையின் நாடி

கார்த்திகேசுவின் கழுத்தில் பத்து விரல்கள் பதிந்திருந்தன.

பினாங்கு, 1934. டத்தோ கிராமாட்டில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தான். எதிரே பாதி குடித்த கோப்பி. பக்கத்தில் பாதி எழுதிய கடிதம். ‘போலீஸ் துரை அவர்களுக்கு...’ என்று தொடங்கி, சுங்கை பாக்காப் தோட்டங்களுக்குக் கள்ளச் சாராயம் கடத்தும் மைக்கேலைப் பற்றி நாலு வரி.

ஐந்தாவது வரிக்குள் விரல்கள் வந்துவிட்டன!

இன்ஸ்பெக்டர் அய்யாக்கண்ணு ஒரு மணி நேரத்தில் மைக்கேல் வீட்டு வாசலில் நின்றார். மைக்கேல் ஓடவில்லை. இடது கையால் கதவைத் திறந்தான். வலது கை கழுத்திலிருந்து துணிக்கட்டில் தொங்கியது. லாரியிலிருந்து விழுந்து பத்து நாளாகிறது, கை செத்தே போய்விட்டது என்றான்.

“பத்து விரல் பதிஞ்சிருக்குன்னு சொல்றீங்க. எனக்கு வேலை செய்யறது அஞ்சுதான் லா. மிச்சம் அஞ்சை யாருகிட்ட இரவல் வாங்கினேன்னு நீங்களே கண்டுபிடிங்க சார்.”

இன்ஸ்பெக்டர் அந்தக் கேள்வியோடு திரும்பிப் போனார்.

பதில் தெரிந்தவன் ஒருவன் இருந்தான்... வேதநாயகம்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவும் டிரெசர் வேலைக்குப் படிக்கிறவன். எல்லாப் பாடத்திலும் தேறி, ‘நரம்பு மண்டலம்’ என்ற ஆரம்பப் பாடத்தில் மட்டும் இரண்டு முறை தோற்றவன். விடைத்தாளைத் திருப்பித் தரும் வழக்கம் அங்கே கிடையாது. மார்க்கை மட்டும் பலகையில் ஒட்டுவார்கள். ஆகவே தோற்றது தெரியும். எங்கே தோற்றான் என்பது தெரியாது. திருத்தியவருக்குத் தன் மேல் பொறாமை என்று முடிவு கட்டியிருந்தான்.

மைக்கேலின் தங்கை அக்னஸ் மேல் அவனுக்கு ஆசை. பத்து நாளுக்கு முன் மைக்கேல் வந்தான். கை செத்தவன்போல் நடிக்கக் கற்றுக்கொடுத்தால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றான். எதற்கு என்று வேதநாயகம் கேட்கவில்லை. துணிக்கட்டைப் போட்டுவிட்டான். ஊசியால் குத்தினாலும் முகம் சுளிக்காமல் இருக்கப் பழக்கினான்.

கார்த்திகேசு செத்த செய்தி வந்தபோது எதற்கென்று புரிந்தது. மைக்கேல் தூக்கில் தொங்கினால், கயிறு திரித்தவன் என்று தன் பெயரும் வெளியே வரும்!

அன்று சாயங்காலம் மைக்கேல் மறுபடி வந்தான்.

“நாளைக் காலையில டாக்டர் ஜபருல்லா கையைச் சோதிக்கிறாராம். ஏதாச்சும் விட்டுப்போச்சா, தம்பி?”

வேதநாயகம் யோசித்தான். ஒன்று விட்டுப்போயிருந்தது.

“நாடி, அண்ணே. நரம்பு செத்த கையில நாடி எப்படி அடிக்கும்? தொட்டுப் பார்த்தா மாட்டிக்குவீங்க.”

அதற்கும் அவனிடம் வழி இருந்தது. அக்குளில் ஓர் எலுமிச்சம்பழம். கையை உடம்போடு ஒட்டி அழுத்தினால் போதும். மணிக்கட்டில் நாடி நின்றுவிடும்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி.

டாக்டர் ஜபருல்லா ஊசியால் குத்தினார். மைக்கேலின் முகம் மாதா கோயில் சுரூபம்போல் அசையாமல் இருந்தது. விரல்களைத் தூக்கி விட்டார். துவண்டு விழுந்தன. இன்ஸ்பெக்டரின் முகமும் கூடவே விழுந்தது.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாடியே இல்ல.”

மைக்கேல் சோகமாகத் தலையசைத்தான். ஊசித் தட்டை ஏந்தி நின்ற வேதநாயகத்தின் காதில் கல்யாண மணி அடித்தது...

“பத்து நாளா நாடி இல்லாத கை,” என்றார் டாக்டர், “இந்நேரம் கறுத்து அழுகி நாறியிருக்கணுமே. இதுல எலுமிச்சை வாசனையில்ல அடிக்குது?”

கட்டை அவிழ்த்துக் கையைப் பக்கவாட்டில் இழுத்தார். வரவில்லை. செத்த கை அவரோடு மல்லுக்கட்டியது! இன்ஸ்பெக்டரும் சேர்ந்து இழுத்தார்.

எலுமிச்சம்பழம் தரையில் விழுந்து, உருண்டு, வேதநாயகத்தின் செருப்பில் முட்டி நின்றது.

“திருஷ்டிக்கு வச்சது சார்,” என்றான் மைக்கேல்.

“ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவனுக்குத் திருஷ்டியா?” என்றார் இன்ஸ்பெக்டர். “யாருடா சொல்லிக்கொடுத்தது?”

யாரும் இல்லை, தானாகத் தோன்றியது என்று மைக்கேல் சாதித்தான். தங்கை மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேதநாயகம் மூச்சுவிட்டான்.

டாக்டர் சிரித்தார்.

“இது தானாத் தோணாது, இன்ஸ்பெக்டர். ரத்தக் குழாயையும் நரம்புன்னுதான் நாம சொல்றோம். புத்தகம் சொல்ற நரம்பு வேற. அது செத்தா உணர்ச்சி போகும், அசைவு போகும். நாடி போகாது. ரெண்டையும் போட்டுக் குழப்பி, நரம்பு செத்தா நாடி நின்னுடும்னு ஒருத்தன் எழுதினான். பதினேழு வருஷமா விடைத்தாள் திருத்தறேன், அப்படி எழுதினவன் அவன் ஒருத்தன்தான். ரெண்டாவது தடவையும் அதையே எழுதினான். அடிக்கோடு வேற!”

வேதநாயகம் ஊசித் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

டாக்டர் மெல்லத் திரும்பி வேதநாயகத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“நூத்தி நாப்பது. பயம் வந்தா நாடியை இப்படி விரட்டறதும் நரம்புதான். இப்பவாச்சும் பாடம் புரிஞ்சுதா, தம்பி? பாஸ்.”

இன்ஸ்பெக்டர் அப்போதே சான்றிதழை மாட்டிவிட்டார்... அவன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து!