ட்யூபின் அந்த முனை

மீன் தொட்டி சுத்தம் செய்வது என் தொழில். கம்பத்திலிருந்து தேனி வரை எந்த வீட்டுத் தொட்டி நாறினாலும் அல்தாப்பைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

இன்று காலை அல்லிநகரத்தில் ஜோதிலட்சுமி அக்கா வீடு. தொட்டி, ஜன்னலில்லாத பின்னறையில் இருந்தது. அவர் கணவர் போன மாசியில் அந்த அறையில்தான் மூச்சுத் திணறி இறந்தாராம்.

“ட்யூபுல வாய வச்சு உறிஞ்சாத தம்பி. அவுக அப்படித்தான் செய்வாக” என்றார். பூனை மீனுக்கு வரும் என்று கதவை வெளியே தாழிட்டுவிட்டுப் போனார்.

தொட்டிக்குக் கீழே அலமாரியில் கேனிஸ்டர் ஃபில்டர். தண்ணீர் இறங்க ஒரு ட்யூப், ஏற ஒன்று. இரண்டையும் கழற்றி, நீளக் கம்பி பிரஷை விட்டு இழுத்தேன். கறுப்புப் பாசி கொழகொழவென்று வந்தது. பாதியில் பிரஷ் நின்றது. பிறகு அதுவாகவே அந்தப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது.

வழுக்கல் என்று நினைத்தேன்.

திரும்ப மாட்டியதும் தண்ணீரை ஃபில்டருக்குள் இறக்க வேண்டும். அதற்கென்று பட்டன் உண்டு. பத்துப் பதினைந்து தடவை அமுக்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? அக்காதான் பார்க்கவில்லையே என்று, ஏறுகிற ட்யூபின் முனையை மட்டும் கழற்றி வாய் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

தண்ணீர் வரவில்லை.

அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

உதடு ட்யூபோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் போனது. மூக்கால் இழுத்ததும் ட்யூபுக்குள்தான் போனது. கத்த வாயில்லை. கதவு கைக்கு எட்டவில்லை. அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. பாசி போய்த் தெளிந்திருந்த ட்யூப் உள்ளே மங்கியது, தெளிந்தது.

மங்கியது.

தெளிந்தது.

வீட்டில் ஆறு மாதப் பிள்ளை. என் நெஞ்சில் படுத்தால்தான் தூங்குவாள். அவளை நினைத்துக்கொண்டே கையால் துழாவி, ட்யூபை அடைக்கும் வால்வைத் திருகினேன். உதடு விடுபட்டது. கதவை எட்டி உதைத்தேன்.

திறந்த அக்கா, என் உதட்டைச் சுற்றி வட்டமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தார்.

“கடைசில அவுகளுக்கு மூச்சே கெடைக்கல தம்பி.”

சாமான்களை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் சாரல். சின்னமனூர் வரும்போது போன் அடித்தது. ஓரங்கட்டி, ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகினேன்.

“தம்பி, அந்த ரூமுல சத்தம் நின்னுபோச்சு. இத்தன மாசமா இழுத்துக்கிட்டே கெடந்தாக” என்றார் அக்கா. “இப்ப அங்கன யாருமே இல்ல.”

ஹெல்மெட் கண்ணாடி மங்கியிருந்தது. என் மூச்சுத்தானே என்று அடக்கிப் பார்த்தேன். இருபது வரை எண்ணினேன்.

கண்ணாடி தெளிந்தது.

மங்கியது.

சாயங்காலம் மணி ஆறாகப் போகிறது. இன்னும் சின்னமனூர் பேருந்து நிலையத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி பாஜிலா நாலு தடவை கூப்பிட்டுவிட்டாள். பிள்ளை தூங்காமல் அழுகிறாளாம், வந்து நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.