ஒன்று தட்டினால் நிறுத்து

ஆறு சிலிண்டரும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, ஏழாவதாக ஏதோ ஒன்று உள்ளே தட்டியது.

அண்ணன் தம்பி இருவரும் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய கார் அது. எஞ்சினை முழுதாகப் பிரித்து, உள்ளே சுழலும் கிராங்க் தண்டைத் தேய்த்து, புது பேரிங் போட்டுக் கட்டி முடித்த பிறகும் சத்தம் போகவில்லை. மெக்கானிக்கான அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே வெயில் ஒரு பட்டையாகக் கிடக்க, சூடான ஆயில் நாற்றமும் பெட்ரோல் வாசமும் மூக்கை அடைக்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

எல்லாம் தம்பி செய்த வேலை என்று பல்லைக் கடித்தான். தம்பி கோபித்துக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகிறது. சேர்ந்து வேலை செய்யும்போது இருவருக்கும் பேச்சே தேவைப்படாது. தம்பி காருக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் தட்டுவான். அண்ணன் முன்னால் நின்று, எஞ்சினைக் கையால் சுழற்றும் கிராங்க் ஹேண்டிலைச் சுற்றுவான். இரண்டு தட்டினால் சுற்று, ஒன்று தட்டினால் நிறுத்து. போன வாரம் இந்த எஞ்சினைக் கட்டும்போது ஏதோ வாய்த்தகராறு. தம்பி ஒன்று தட்டினான். அண்ணன் ஆத்திரத்தில் இன்னும் அரைச் சுற்று இழுத்துவிட்டான். உள்ளே இருந்த விரல் நசுங்கியது. "வேணும்னேதான சுத்துன" என்று தம்பி கேட்டதுதான் இவனுக்கு இன்னும் எரிந்தது. கூடப்பிறந்த அண்ணனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

எஞ்சின் ஓட ஓட, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கோளாறான சிலிண்டரின் வயரை எடுத்தால் சத்தம் அமுங்க வேண்டும். அமுங்கவில்லை. எடுத்ததைத் திரும்ப மாட்டவும் அவனுக்குப் பொறுமை இல்லை. நான்காவதில் எஞ்சின் இருமியது. ஐந்தாவதில் அடங்கியது. விசிறி நின்றது. பெல்ட் நின்றது.

டொக்.

போனை எடுத்தான். "உள்ள என்னடா விட்டுட்டுப் போன? வந்து எடுத்துத் தொலை."

தம்பி வந்தான். கட்டுப் போட்ட கையை அண்ணனால் பார்க்க முடியவில்லை. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்க நினைத்தவன், "வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்றான்.

பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பிளக்குகளையும் கழற்றினார்கள். ஆயிலை வடித்துவிட்டு, தம்பி அடியில் படுத்து எஞ்சினின் அடித்தொட்டியை இறக்கினான்.

"எல்லாம் இறுக்கமாத்தான் இருக்குண்ணே. ஒண்ணும் ஆடல."

"அப்ப எது தட்டுது? என் மண்டையா?"

"சுத்திப் பாத்தாத்தான் தெரியும். கையை உள்ள விடுறேன்." தம்பி ஸ்பேனரைக் கையில் எடுத்தான். "ஒண்ணு தட்டுனா நிறுத்திடுவல்ல?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "உன் கைக்கு நான் பொறுப்புடா" என்றான். அதுவும் கோபமாகத்தான் வந்தது.

இரண்டு தட்டு. சுற்றினான். பிளக் இல்லாததால் ஹேண்டில் லேசாகச் சுற்றியது.

ஒரு தட்டு. நிறுத்தினான். சந்தேகமே வேண்டாம் என்று கையையும் எடுத்துவிட்டான்.

ஹேண்டில் நிற்கவில்லை.

மெதுவாக மேலே வந்தது. உச்சியில் சற்றுத் தயங்கியது. கீழே போனது.

ஒரு தட்டு.

பாய்ந்து பிடித்தான். முழு உடம்பையும் போட்டுத் தொங்கினான். செருப்பு ஆயிலில் வழுக்கியது. அன்று அவன் இழுத்த அதே ஆத்திரத்தோடு, ஹேண்டில் அவனையும் சேர்த்து இழுத்தது.

"அண்ணே." அலறவில்லை. கெஞ்சினான். "அண்ணே, நிறுத்துண்ணே."

"நான் இல்லடா" என்றான். "தம்பி, நான் இல்லடா."

ஒரு தட்டு. ஒரு தட்டு. ஒரு தட்டு.

காருக்கு வெளியே தெரிந்த கால்கள் தரையை உதைத்தன. பிறகு உதைக்கவில்லை. ஸ்பேனர் அடியிலிருந்து சறுக்கி வந்து அவன் காலடியில் நின்றது.

ஹேண்டிலும் நின்றது. அவன் விரல்கள் அதிலிருந்து விடுபடவில்லை.

உள்ளேயிருந்து, நிதானமாக, இரண்டு தட்டு.