திரும்பி வந்த சைக்கிள்

சீட் சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை. அந்த மூலைக்கு வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. பஸ்ஸில் யாரோ எழுந்து போன இடத்தில் உட்காரும்போது தொடையில் தெரியுமே, அந்த ஆள் சூடு. லிஃப்ட்காரர் இப்போதுதான் வேலை முடிந்து வந்து, பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறியிருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இன்னும் வரவில்லை. வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அலைந்த உடம்பு சுடுகிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சொல்லிக்கொள்ளாமல் என்ன செய்வது? அந்த உடற்பயிற்சி சைக்கிளை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியவர் அவரேதான்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். மீசை அரும்பிய வயதில் லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியவர், கம்பிவடமும் கிரீஸும் மணக்க அங்கேயே வளர்ந்து, அங்கேயே பெருத்தும் போனார். கூட வேலை பார்ப்பவர்கள் அவரை ‘டிரம்’ என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் கம்பெனி டாக்டர் சிரிக்கவில்லை. எடை குறையாவிட்டால் இனிமேல் சுரங்கத்தில் இறங்க அனுமதி கிடையாது, ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து உதிரிபாகம் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. நட்டும் போல்ட்டும் அடுக்கிக்கொண்டு கிடப்பதற்குச் செத்துப் போகலாம் என்று மனைவியிடம் சொன்னார். அவள் மறுநாளே உடற்பயிற்சிச் சாதனங்கள் விற்கும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மடக்கி வைக்கும் சைக்கிள் ஒன்று இருந்தது. தொட்டாலே ஆடியது. “இதுல உட்கார்ந்தா என்னையும் சேர்த்து மடிச்சு வெச்சுடும்” என்று ஒதுக்கினார். முதுகு சாய்த்துக்கொள்ளும் மாதிரி ஒன்று மனைவிக்குப் பிடித்திருந்தது, உட்கார்ந்தும் பார்த்தாள். “தூங்கத்தான் லாயக்கு” என்று அதையும் தட்டிவிட்டார். அப்போதுதான் கடையின் கோடியில், சாம்பல் நிறத் துணி போர்த்தி நின்றது கண்ணில் பட்டது.

துணியை அவரே விலக்கினார். பெரிய இரும்புச் சக்கரம். ஒரு விரலால் தள்ளிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் போடாத சக்கரத்தைக் கண்டால் லிஃப்ட்காரர்களுக்கு ஒரு சபலம். ஒயரும் கிடையாது. மிதிக்கிற மிதியிலேயே மின்சாரம் உண்டாகி, முன்னாலிருக்கும் சின்னத் திரை எரியுமாம்.

“அது விக்கிறதுக்கு இல்ல சார்” என்றாள் விற்பனைப் பெண். “திரும்பி வந்தது.”

“என்ன கோளாறு?”

“கோளாறு எதுவும் இல்ல. வாங்கினவர் நல்லா இளைச்சுட்டாராம். இனிமே வேண்டாம்னு அவர் வீட்டுல இருந்து கொண்டுவந்து விட்டுட்டாங்க.”

“அப்ப நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். “ஏங்க, யாரோ வேர்த்து வடிஞ்சது நமக்கெதுக்கு?”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தார். விற்பனைப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஒண்ணு சார். நீங்க மிதிக்கிறத விட்டாலும் பெடல் சுத்திக்கிட்டு இருக்கும். சட்டுனு கால எடுக்கக் கூடாது. இந்தக் குமிழ அழுத்தினாத்தான் நிக்கும்” என்று சிவப்புக் குமிழைக் காட்டினாள். எந்த யந்திரமானாலும் முதலில் பிரேக்கைப் பார்ப்பது அவர் தொழிலில் ஊறிய பழக்கம். அழுத்திப் பார்த்தார். பிடித்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் கச்சிதமாகப் பிடித்தது. அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவரும் அடுக்குமாடிக் காவலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பேசிக்கொண்டே அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். துணியும் கூடவே வந்தது.

எடை இறங்கியது. சும்மா சொல்லக் கூடாது, மளமளவென்று இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். ‘டிரம்’ என்று கூப்பிட்டவர்கள் கூப்பிடக் கூச்சப்பட்டார்கள். கன்ன எலும்பு தெரிந்தபோது, கல்யாணத்தின்போது பார்த்த முகம் திரும்பி வருகிறது என்று மனைவி கேலி செய்தாள். அவருக்கும் உள்ளூர ஒரே சந்தோஷம்.

ஆனால் காலையில் எழுந்து வந்தால் கைப்பிடிகள் ஈரமாக இருந்தன. அந்த மூலையில் ஒரு வாடை, அவருடைய வேர்வை இல்லை, துருப்பிடித்த இரும்பும் காயாத துணியும் கலந்த வேறு யாரோ ஒருவரின் வாடை, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாமல் தங்கியது. ஒரு நாள், யாரும் மிதிக்காமலே, திரையில் நாடித் துடிப்பின் எண் மினுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தால்தான் அது காட்டும். அவர் கிட்டே போனதும் அணைந்தது. மனைவியிடம் சொல்லவில்லை.

“இத நகர்த்தவே முடியலங்க” என்று அவள்தான் ஒரு விடுமுறை நாளில் துடைப்பத்தோடு நின்றபடி சொன்னாள். “கொண்டு வந்தப்ப இவ்ளோ கனமாவா இருந்துச்சு?”

அவர் எழுந்து போய்த் தள்ளினார். தோள் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. கால்கள் ஊன்றிய இடத்தில் தரை ஓடு விரிசல் விட்டிருந்தது. லிஃப்ட் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு: ஆள் ஏறும் பெட்டி ஒரு பக்கம், அதற்கு ஈடான பாரம் மறு பக்கம். ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். எடை என்பது எங்கேயும் காணாமல் போகாது, இடம்தான் மாறும். இத்தனை காலம் பலருக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாடம் நினைவுக்கு வர, பெல்ட்டில் போட்ட புது ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

“திரும்பக் கொடுத்துடலாங்க. எனக்கு என்னவோ பிடிக்கல.”

“அடுத்த வாரம் டாக்டரப் பார்க்கணும். இன்னும் கொஞ்சம்தாம்மா. அதுக்கப்புறம் கொடுத்துடலாம்.”

அந்த அடுத்த வாரம் வந்துவிட்டது. நாளைக் காலையில் டாக்டர். இன்றைக்கு மட்டும் மிதித்துவிட்டால் போதும். சூடான சீட்டில் உட்கார்ந்து, பெடல் பட்டைக்குள் பாதங்களை நுழைத்து இறுக்கி, போனை முன்னாலிருந்த தாங்கியில் வைத்துவிட்டு, லிஃப்ட்காரர் மிதிக்கத் தொடங்கினார்.

ஜன்னலில் அந்தி மங்கிக்கொண்டிருந்தது. கீழே பிள்ளைகள் விளையாடும் சத்தம், யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம், சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல். எல்லாம் வழக்கம்போலத்தான். திடீரென்று கரண்ட் போனது. மின்விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முனகல் நின்றது. இருட்டில் திரை மட்டும் பச்சையாக எரிந்தது. அவர் மிதிப்பதால் எரிகிறது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

எண்ணைப் பார்த்தார். மெதுவான துடிப்பு. நன்றாகத் தூங்கும் ஒருவனின் துடிப்பு. அவர் நெஞ்சோ தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார், நாடி ஓடியது. இரண்டு கையையும் கைப்பிடியிலிருந்து எடுத்தார். எண் அணையவில்லை.

போன் அடித்தது. தொட்டார்.

“ஏங்க, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு.” மனைவியின் குரல். “உள்ள ஒரே இருட்டு. நான் மட்டும்தான் இருக்கேன். மூச்சு முட்டுதுங்க. வாங்க.”

“பதறாத. உள்ளேயே நில்லு. வந்துட்டேன்.”

மூடிய கதவுகளுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ பேருக்கு அவர் சொன்ன வார்த்தைகள். வாய் தானாகச் சொன்னது. லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி வாசல் ஆணியில் தொங்கியது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். மிதிப்பதை நிறுத்தினார்.

பெடல் நிற்கவில்லை.

சக்கரத்தின் வேகம் அது, விற்பனைப் பெண் சொன்னதுதானே என்று குமிழை அழுத்தினார். குமிழ் இறங்கியது. முழுக்க இறங்கியது. எதையும் பிடிக்கவில்லை. கால்கள் மேலே போயின, கீழே வந்தன. பட்டையை அவிழ்க்கக் குனிந்தார். விரலுக்கு அகப்படவில்லை; கொக்கி இருந்த இடத்தில் வழவழவென்று தோல் மட்டும் இருந்தது. ஆபத்து என்றால் முதலில் கரண்டை நிறுத்து. கை பழக்கத்தில் சுவரைத் துழாவியது. எதை நிறுத்துவது? ஒயர் இல்லை. வீட்டிலேயே கரண்ட் இல்லை. கரண்ட் அவர் காலில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது.

“ஏங்க? வர்றீங்களா?”

பயத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது. அவருக்குக் கால் மட்டும் ஓடியது.

முதுகில் சூடு. யாரோ ஒட்டி உட்கார்ந்திருக்கும் சூடு. அது மெல்லப் பிரிந்தது. தோளிலிருந்து. இடுப்பிலிருந்து. ஈரத்துணியை உடம்பிலிருந்து உரிப்பதுபோல. தரையில் ஒரு பாதம் வைக்கும் சத்தம் கேட்டது.

இன்னொரு பாதம்.

பச்சை வெளிச்சத்தில் ஒரு முதுகு தெரிந்தது. அவருடைய பனியன். புது ஓட்டை போட்ட அவருடைய பெல்ட். ஒல்லியான, வேர்த்த முதுகு. அது வாசலுக்கு நடந்தது. தடுமாறாமல் ஆணியில் கை வைத்தது. சாவியை எடுத்தது.

கத்தினார். சத்தம் வரவில்லை. சக்கரம் சுற்றும் காற்று மட்டும் வந்தது.

கதவு திறந்தது. படியில் காலடி இறங்கியது. எங்கோ கீழே, சுரங்கத்தின் இருட்டுக்குள்ளிருந்து, அவருடைய குரல் எதிரொலித்து மேலே வந்தது.

“பதறாத. உள்ளேயே நில்லு. வந்துட்டேன்.”

உலோகக் கதவு உரசியது. அவள் அழுதாள். பிறகு சிரித்தாள்.

இரண்டு பேர் படியேறி வந்தார்கள். கரண்ட் வந்து விளக்கு எரிந்தது. மனைவி அதன் தோளில் சாய்ந்திருந்தாள். தலை நிமிர்ந்து மூலையைப் பார்த்தாள். நேராக அவரைப் பார்த்தாள். பார்வை அவர்மேல் நிற்கவே இல்லை.

“சைக்கிள் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு பாருங்க.”

“நின்னுடும்” என்றது அது.

அவள் அதன் கன்னத்தைத் தடவினாள். “எவ்ளோ இளைச்சுட்டீங்க. போதுங்க. இதத் திரும்பக் கொடுத்துடலாம்.”

“கொடுத்துடலாம்மா.”

அவள் அருகில் வந்தாள். அவளுடைய சோப்பு வாசனை. கையில் சாம்பல் நிறத் துணி. நான் இங்கே இருக்கிறேன். இங்கே. பார். அவள் குனிந்து சீட்டில் கை வைத்தாள். அவர் தொடையில்தான் வைத்தாள்.

“அட, சூடா இருக்கே” என்றாள்.

துணியை உதறி விரித்தாள். முதலில் விளக்கு மறைந்தது. பிறகு அவள் முகம். துணிக்குள்ளே பச்சைத் திரையில் எண் வேகவேகமாகத் துடிக்க, கால்கள் மேலே போயின, கீழே வந்தன, மேலே போயின.