ஏழாவது பாட்டின் இடம்

"உங்களுக்குக் கண் தெரியாதோ?"

வசந்தமலர் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் ஓடிவந்து இடித்தது அவள்.

1991, அக்டோபர் முதல் சனிக்கிழமை. நோர்பரியில் அம்பலவாணன் அண்ணையின் கடைவாசல். வெளியே மழை, எதிர்ப்பக்கம் 109 பேருந்து, காலடியில் வெங்காயக் கூடை. கூடைக்குள் இப்போது இரண்டு கசெட்டுகள் கிடந்தன. ஒன்று அவளுடையது, மற்றது அவனுடையது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு அட்டை.

"ஸாரிங்க... கண் தெரியும். குடைதான் மறைச்சிருச்சு," என்றான் அவன்.

பேச்சு யாழ்ப்பாணம் இல்லை. மழைத்துளி தொங்கிய இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கோபம்தானா...? யோசிக்க நேரமில்லை. வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு அவன் நீட்டிய கசெட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள்.

அது யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா பேசி அனுப்பிய கசெட். அங்கே இப்போது தொலைபேசி இல்லை, மின்சாரமும் இல்லை. பக்கத்து வீட்டுக் கணேசலிங்கம் மாமா நிறுத்திவைத்த சைக்கிளை மிதிமிதியென்று மிதிக்க, டைனமோவில் ரெக்கோடர் ஓட, அம்மா பேசுவார். மாமாவுக்கு மூச்சு வாங்கினால் அம்மாவின் குரலும் இழுபடும். கொழும்புக்குப் போகிறவர் கையில் ஏறி, லண்டனுக்கு வருகிறவர் பையில் இறங்கி, கடைசியில் அம்பலவாணன் அண்ணையின் பிஸ்கட் தகரத்துக்கு வந்து சேரும். வழியில் சோதனைக்கு அகப்பட்டால் வம்பு என்று யாரும் அதில் பெயர் எழுதுவதில்லை. கடையில் போட்டுப் பார்த்து, "இது எங்கடை அம்மா" என்று குரலை அடையாளம் கண்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

இந்த முறை அந்தக் குரல் அவளுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. கனடாவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை அருட்பிரகாசம், டொராண்டோவில் எஞ்சினியர். அண்ணன் தியாகராஜாவுக்குப் பரம திருப்தி. "அம்மா ஓம் எண்டா நானும் ஓம்," என்று சொல்லி அவள் தப்பித்திருந்தாள். வேலைசெய்யும் மருந்துக் கடையில் நூறு மாத்திரையைக் கண்ணாலேயே எண்ணிவிடுகிறவளுக்கு, இருபத்தாறு வயதாகியும் தன் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கசெட்டைப் போட்டாள்.

அம்மா பேசவில்லை. ஒரு ஜப்பான்காரி பாடினாள்.

வசந்தமலர் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் இருந்து சிவப்பு அட்டையை உருவிப் பார்த்தால், உட்புறம் தமிழில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

'பெயர்கள் படிக்கத் தெரியாது. கேட்ட இடம் மட்டும்.

1. நகோயா. சைக்கிள் கடை ரேடியோ. நான் வழி தவறியிருந்தேன்.

2. தொழிற்சாலை விருந்து. மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மறுநாள் வழக்கம்போலத் திட்டினார்.

3. சிங்கப்பூர், தோ பாயோ. மேல்வீட்டு ஜன்னல். எனக்குப் பதினாறு வயது.

4. விடுதியின் சலவை அறை. யாரோ அழுதார்கள். நான் இல்லை.'

ஐந்தும் ஆறும் இரண்டு ரயில் நிலையங்கள். 7 என்று எண் மட்டும் போட்டு, பக்கத்தில் ஒன்றுமில்லை. பாட்டும் ஆறோடு முடிந்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் அவள் அதையே கேட்டாள். முதலில் அம்மாவின் குரல் எங்காவது ஒரு மூலையில் வராதா என்று. பிறகு... ஏன் என்று தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் எக்காளம் துள்ளிக்கொண்டு வரும்; காலைத் தரையில் தட்டாமல் கேட்க முடியாது. நான்காவதில் ஓரிடத்தில் தாளம் எல்லாம் நின்றுபோக, அந்தப் பெண் மூச்சை இழுப்பது மட்டும் கேட்கும். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த மூச்சு வரும்போதெல்லாம் அவள் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டாள். சலவை அறையில் அழுதது யார்? 'நான் இல்லை' என்று எதற்கு எழுதினான்? நிச்சயம் அவன்தான். பெயர் தெரியாத ஒருத்தனைப் பற்றி இவ்வளவு யோசிப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் போனபோது அவன் ஏற்கெனவே வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்றான்.

"இவர் ரங்கராஜன், சிங்கப்பூர் ஆள். குரோய்டனிலை ஜப்பான் கம்பெனியிலை வேலை. காலமை கடை திறந்ததிலையிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறார்," என்று அம்பலவாணன் அண்ணை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, கறித்தூள் நிறுக்கப் போனார்.

ரங்கராஜன் கசெட்டை நீட்டினான். இன்று அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

"ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. இரண்டாவது பக்கம்... அழிஞ்சிருச்சு."

"என்ன?"

"இரட்டைக் கசெட் செட்டுல இது இருந்துச்சு. ஆபீஸ்ல இருந்து போன் வந்தது. பேசிட்டு வந்து, நண்பரோட கசெட்டுல இருந்து, ஏழாவதா வச்சிருந்த பாட்டைப் பதிஞ்சேன். புதுக் கசெட்டை மாத்திட்டேன்னு நினைச்சேன்... மாத்தலை."

கடை ரெக்கோடரில் போட்டார்கள். முதல் பக்கத்தில் அம்மா முழுதாக இருந்தார். ஊர்ப்புதினம், மாமாவின் முழங்கால் வலி, கடைசியில், "கனடாச் சம்பந்தத்தைப் பற்றி மற்றப் பக்கம் சொல்லுறன், பிள்ளை." திருப்பிப் போட்டார்கள். சைக்கிள் சக்கரத்தின் கிர்ர்... அம்மாவின் செருமல். "மலர், நான் நல்லா யோசிச்சுப் பார்த்தன். அந்தத் தம்பியை நீ..."

கிட்டார். பிறகு ஜப்பான்காரி. நாலு நிமிடம். பாட்டு முடிந்தபோது அம்மாவின் பேச்சும் முடிந்திருந்தது.

'நீ கட்டு'வா? 'நீ கட்டாதை'யா? அவள் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"முதல் பக்கம்... யாருதுன்னு தெரிஞ்சாகணுமே."

"இரண்டாம் பக்கம்?"

அவன் வெங்காயத்தைப் பார்த்தான். "இல்லைங்க."

"மாமா காலாலை மிதிச்சு, அம்மா தொண்டையாலை பேசி, எத்தினை கை மாறி வந்தது தெரியுமோ? நீங்கள் ஒரு பாட்டுக்கு..." அவளால் முடிக்க முடியவில்லை. அழுதுவிடுவோம் என்று பயந்து வெளியே வந்துவிட்டாள். அன்றிரவே அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வர இரண்டு மாதமாவது ஆகும். தைப்பொங்கலுக்கு முதல் முடிவு சொல்ல வேண்டும் என்று அண்ணன் தவணை கொடுத்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அருட்பிரகாசத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமையும் ரங்கராஜன் வந்து நின்றான். அதற்கடுத்ததும். "மன்னிப்புக் கேட்க வந்தேன்." "போன கிழமையும் கேட்டனீங்கள்." "அது போன வாரத்துக்கு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாது, வந்துவிட்டது.

பிறகு கடைக்குப் பின்னாலிருந்த சிறிய மேசை அவர்களுக்கு என்று ஆனது. சனிக்கிழமைகளில் அங்கே கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் சுடச்சுடக் கிடைக்கும். அவனுடைய வோக்மனின் காதுக்குமிழ்களில் ஒன்று அவளுக்கு, மற்றது அவனுக்கு.

"நாலாம் பாட்டிலை அழுதது ஆர்?"

"யாரோ."

"உண்மையைச் சொல்லுங்கோ."

"ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய் மூணாவது மாசம். அம்மா தவறிட்டாங்கன்னு தந்தி. துணி துவைக்கிற மெஷின் சுத்திக்கிட்டே இருந்துச்சு, மேல ரேடியோவுல இந்தப் பாட்டு..." அவன் நிறுத்தினான். "அர்த்தம் தெரியாத பாட்டுல ஒரு வசதி இருக்குங்க. நம்ம கவலையை அதுக்குள்ள வச்சுக்கலாம். பாட்டுக்குத் தெரியாது."

அவள் வோக்மனை நிறுத்தினாள். இவன் அம்மா இல்லாதவன். அதனால்தான் என் அம்மாவின் குரலை அழித்ததற்கு இவ்வளவு தவிக்கிறான்... அவளுக்கு அவன் கையைத் தொடவேண்டும் போல் இருந்தது. உடனே டொராண்டோ ஞாபகம் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிடித்திருக்கிறது என்றால் சொல்லிவிட வேண்டியதுதானே? பிடித்தது இவனையா, பாட்டையா? அம்மா அங்கே யாருக்காவது வாக்குக் கொடுத்துவிட்டால்? ஒன்றும் புரியவில்லை.

டிசம்பரில் ஒரு சனி. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரோல்ஸில் ஒரு கடி கடித்து, மெல்லாமல் விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ரங்கராஜன் வாய்விட்டுச் சிரித்தான்.

"சின்ன வயசுலேயே அப்படித்தானாமே. ரேடியோவுல பாட்டு முடியிற வரைக்கும் சோத்தை விழுங்கமாட்டீங்களாம்."

எக்காளம் துள்ளியது. அவள் விழுங்கினாள். பாட்டு முடியவில்லை.

"அது உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவன் முகம் வெளுத்தது.

"முதல் பக்கத்திலை அது இல்லை. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். அப்ப... நீங்கள் இரண்டாம் பக்கத்தைக் கேட்டிருக்கிறியள்."

"...ஆமா. அழியிறதுக்கு முன்னாடி ராத்திரி, கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னவா?"

"இப்ப நான் சொன்னா சரியா இருக்காதுங்க. உங்க அம்மாவே சொல்லட்டும்."

"என்ரை அம்மா எனக்குச் சொன்னதை நீங்கள் பொத்தி வைச்சிருக்கிறியள். ரெண்டு மாசமா நான் நித்திரை இல்லாமல் கிடக்கிறன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்து ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள்."

"மலர்..."

"வசந்தமலர்," என்றாள். காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வரவில்லை. வராதது நல்லது என்று நினைத்தாள். கடைவாசலில் குடை தெரிந்தால் நிமிர்ந்தும் பார்த்தாள். அம்மா 'ஓம்' என்றிருப்பார், அதைத்தான் மறைக்கிறான், தனக்கு ஆகாதென்று. அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லையே... பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. "சரியண்ணா, ஓம் எண்டு சொல்லுங்கோ" என்ற வாக்கியத்தைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் இருந்து வர மறுத்தது.

அன்றைக்குத்தான் அம்பலவாணன் அண்ணை மருந்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, உங்கடை சைக்கிள் சத்தம் வந்திருக்கு."

கடையில் நின்றபடியே கேட்டாள். கிர்ர்... செருமல்.

"மலர், உன்ரை கடிதம் கிடைச்சது. சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டிக் கிடக்கு. பாவம் மாமா, திருப்பி மிதிக்கிறார். அந்தத் தம்பியை நீ கட்டத்தான் வேணுமெண்டு நான் சொல்லேல்லை. நல்ல பெடியன், சாதகமும் பொருந்தியிருக்கு. அதுக்காக ஓம் எண்டு சொல்லாதை. பாட்டு முடியாமல் ஒரு வாய் சோறு விழுங்காத பிள்ளை நீ. பிடிக்காத ஒண்டை உன்ரை வாயிலை ஆரும் தீத்த ஏலாது. உன்ரை மனசுக்குப் பிடிச்சவன் ஆர் எண்டாலும் எனக்குச் சொல்லு. அண்ணாவோடை நான் கதைக்கிறன்."

வசந்தமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை, நிம்மதி, பிறகு மெதுவாக இன்னொன்று. இதை வைத்துக்கொண்டுதானா அவன் வாய் மூடி இருந்தான்? இதை அவன் சொல்லியிருந்தால் அவனுக்குத்தானே நல்லது?

"அண்ணை, அவர் இப்ப வாறேல்லையோ?"

"ஜப்பான் தம்பியோ? வாறார். சனி விட்டு வியாழன் வாறார். நீங்கள் நிக்கமாட்டியள் எண்டு."

அன்று வியாழன்.

மழையில் குடையோடு அவன் வந்தபோது, மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு ரோல்ஸ், கடை ரெக்கோடர், அம்மாவின் பழைய கசெட், அவள் இன்னும் திருப்பிக் கொடுக்காத அவனுடைய சிவப்பு அட்டை. அவன் திரும்பிப் போகப் பார்த்தான்.

"இருங்கோ. அம்மா சொல்லிப்போட்டா."

அவன் உட்கார்ந்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் நாள் பயம். அடுத்தவங்க வீட்டுப் பேச்சைக் கேட்டதே தப்பு... வெட்கமா இருந்துச்சு. அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ளை?"

"உங்களைப் பிடிச்சுப்போச்சு. அப்புறம் எப்படிங்க சொல்றது? கனடா கட்டாயமில்லை, உங்க இஷ்டம்னு அம்மா சொன்னாங்கன்னு... அழிச்சவனே வந்து சொன்னா? நீங்க நம்பியிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.

"மாட்டன்," என்றாள்.

பிறகு பேனாவை எடுத்து, அட்டையில் 7-க்குப் பக்கத்தில் எழுதி அவன் பக்கம் திருப்பி வைத்தாள். 'நோர்பரி. மழை. அம்மாவின் குரல் இருந்த இடம்.'

அதைப் படித்த அவன் கண்கள் நனைந்தன. இப்போது 'நான் இல்லை' என்று சொல்ல வழியில்லை. அவள் அம்மாவின் கசெட்டை இரண்டாம் பக்கம் திருப்பிப் போட்டு, பொத்தானை அழுத்தி, ரோல்ஸில் பெரிதாக ஒரு கடி கடித்தாள். சைக்கிள் சக்கரம்... அம்மா... "அந்தத் தம்பியை நீ..." பிறகு கிட்டார். இத்தனை நாளும் வெறுத்த பாட்டை அவள் முதல் தடவையாகக் கேட்டாள். நல்ல பாட்டுத்தான்.

"வசந்தமலர்," என்றான் ரங்கராஜன். "அந்த நாலு நிமிஷத்தை என்னால திருப்பித் தர முடியாது. வேற எது வேணும்னாலும் தரலாம்... என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் ஒரு விரலைத் தூக்கி, பொறு என்று காட்டினாள். கன்னம் உப்பியிருந்தது.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓமா, இல்லையா? அவசரப்பட்டுவிட்டோமா? அம்பலவாணன் அண்ணை கறித்தூள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஜப்பான்காரி அவசரமே இல்லாமல் பாடினாள். இரண்டு நிமிடம்... மூன்று நிமிடம்... கடைசியில் கிட்டார் மெல்லத் தேய்ந்து நின்றது.

வசந்தமலர் விழுங்கினாள்.

"ஓம்," என்றாள்.