வடகரையும் தென்கரையும்

முதல் வீட்டின் படத்தில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுத் தரகர் அனுப்பிய படங்களில் அது கடைசி. மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. கீழே ஈரப் புல், அதற்கப்பால் ஒடுங்கிய கடல், கடலின் நடுவே ஒரு மணல் திட்டு, திட்டின் மேல் ஓர் ஆள். இம்மாகுலேற் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ. இதில ஆரோ நிக்கினம்."

சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த சவிரிமுத்து எட்டிப் பார்த்தார். "எங்க? ஒருத்தரையும் காணேல்ல. உமக்குக் கண்ணாடி மாத்தோணும். அங்க மனிசரே இல்லையெண்டுதானே நாங்கள் போறம்."

வேலை செய்த காலமெல்லாம் லண்டனில் இரவு பஸ் ஓட்டிய மனிதர். குடிகாரர்களின் வாந்தியையும் வசவையும் சுமந்து சுமந்து, இனி அலைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழக்கூடாது என்று முடிவெடுத்திருந்தார். மோர்டன் வீட்டை விற்றுவிட்டு ஸ்கொட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவில் மிச்சக் காலத்தைக் கழிப்பது. அந்தத் தீவுக்குள் ஒரு குடாக்கடல் நீளமாக நுழைந்திருந்தது. அதன் இரு கரைகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்னக் கிராமங்கள். இரண்டிலும் ஒவ்வொரு வீடு விலைக்கு வந்திருந்தது. ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால், வடகரை, தென்கரை என்று அவரே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

"நான் மீன் வாங்கிக்கொண்டு வாறன். அதுக்கிடையில முடிவெடும். ஏஜென்ட் காத்துக்கொண்டிருக்கிறான். வடக்கோ தெற்கோ, நீர் சொல்லுறதுதான். பிறகு இந்தாள் என்னைக் கொண்டுபோய்க் குளிருக்குள்ள தள்ளிப்போட்டார் எண்டு கோயிலடியில நிண்டு சொல்லக்கூடாது, கண்டீரோ."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"கறிக்கு உப்புப் போடுறதில இருந்து எல்லாம் நீர்தானே சொல்லுறனீர். இப்ப என்ன புதுசா?"

கதவு சாத்தப்பட்டது. அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். உப்பைப் பற்றிச் சொல்வது வேறு, இறங்குமிடத்தைச் சொல்வது வேறு என்பது அவருக்குத் தெரியாது. அதை அவள் சொன்னதுமில்லை.

கார்த்திகை மாதம். பின்னேரத் தேநீர் ஆறுவதற்கு முன்னரே தோட்டத்தில் வெளிச்சம் செத்துவிட்டது. சமையலறையில் வெப்பக் குழாய்க்குள் தண்ணீர் களுக் களுக்கென்று ஓடுவதும், அடுத்த வீட்டு வாஷிங் மெஷின் சுவரோடு முனகுவதும், எங்கோ ஒரு சைரன் எழுந்து அடங்குவதும் தவிர வேறு சத்தமில்லை. அவள் இரண்டாவது வீட்டின் படங்களைத் திறந்தாள். தென்கரை. கல் சுவர், கணப்பு அடுப்பு, அகலமான ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அதே குடாக்கடல், இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து. அதே மணல் திட்டு. அதே ஆள்.

இந்தப் பக்கம் முகம்.

முகமென்றாலும் ஒரு மங்கல் புள்ளிதான். ஆனால் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. கையில் ஏதோ துணி. இரண்டு வீட்டையும் ஒரே நாளில் படமெடுத்திருப்பார்கள், யாரோ நாயோடு நடக்கப் போயிருப்பார்கள் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாயைத் தேடினாள். இல்லை. ஆளின் கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

வடகரைப் படத்துக்குத் திரும்பிப் போனாள். அதில் திட்டு காய்ந்த மணலாகத்தான் இருந்தது, அவளுக்கு நிச்சயம். இப்போது முழங்கால்வரை தண்ணீர்.

பல வருடங்களுக்கு முன் ஒரு படகோட்டியும் இப்படித்தான் முடிவை அவளிடம் விட்டான். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஆட்களை ஏற்றியவர்கள் பலர் கரைவரை போவதில்லை. நடுக்கடலில் தலைகாட்டும் தீடைகளில், வெறும் மணல் திட்டுகளில், இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விடிந்தபின் அந்தப் பக்கத்து மீன்படகு ஏதாவது கண்டு ஏற்றிக்கொள்ளும். அன்றைக்குப் படகில் அவளும் தங்கை றஜீனாவும்தான் மிச்சம். "பெரிய தீடைக்கு இன்னும் ஓடோணும். இல்லாட்டி இதிலயே இறங்கலாம். நீ சொல்லு பிள்ளை" என்றான். மடுப் பக்கத்து வயல்காரப் பிள்ளைகள் அவர்கள். நிலம் போலத் தெரிந்தால் நிலமென்று நம்புகிறவர்கள். காற்று மாறினால் சின்னத் தீடை தண்ணீருக்குள் போய்விடும் என்பதைக் கடல் பிள்ளைகள் சொல்லாமலே அறிவார்கள். வாந்தியெடுத்துக் களைத்திருந்த இம்மாகுலேற், "இதிலயே இறங்குவம்" என்றாள். றஜீனாவுக்கு அக்கா சொன்னால் சரி.

தண்ணீர் ஏறியபோது அவர்களிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் கான். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மூடியை இறுக்கி, இருவரும் பிடித்துக்கொண்டார்கள். கான் ஒருவரைத்தான் தாங்கியது. காலையில் தன்னை ஏற்றிய மீனவர்களிடம், படகு கவிழ்ந்துவிட்டது என்றாள். கலியாணத்துக்குப் பிறகு சவிரிமுத்துவிடமும் அதையே சொன்னாள். குருவானவரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள். தங்கையின் கை நழுவிவிட்டது, சுவாமி. சுவாமி செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

திரையில் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. இரண்டு படங்களிலும். மேலே உயர்ந்த கை அசையவில்லை.

அவள் மடிக்கணினியை மூடினாள். மூடிய பின்பும் தண்ணீரின் சத்தம் நிற்கவில்லை. குழாய்ச் சத்தம் என்று நினைத்து வெப்பத்தை அணைத்தாள். குழாய்கள் அடங்கின. வாஷிங் மெஷினும் அடங்கியது. சளப். இடைவெளி. சளப். மரப்பலகையில் சின்ன அலை மோதுகிற சத்தம். தோட்டத்துக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மண்ணெண்ணெயும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு மணம், படகின் அடித்தட்டு மணம், சமையலறைக்குள் மெதுவாகப் பரவியது.

தொலைபேசி அடித்தது. அவள் துள்ளிப் போனாள்.

"இஞ்சேரும், நல்ல விளைமீன் கிடக்கு. வாங்கட்டோ?"

"வாங்குங்கோ. கெதியா வாங்கோ."

"என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? சரி, ஏஜென்ட் மற்ற லைன்ல நிக்கிறான். வேற ஆரோ கேக்கினமாம். இப்பவே சொல்லோணும். எந்தக் கரை?"

"ரெண்டும் வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதேயும். இந்த வீடு வித்தாச்சு. வடக்கோ, தெற்கோ?"

தென்கரை என்றால் ஒவ்வொரு காலையிலும் முகம். வடகரை என்றால் முதுகு. முதுகென்றால் சமாளிக்கலாம். இவ்வளவு காலமும் அப்படித்தானே சமாளித்தாள்.

"வடக்கு" என்றாள்.

"அப்பாடா. மீனை வாங்கிக்கொண்டு உடன வாறன்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். வடகரைப் படத்தில் யாரும் இல்லை. தென்கரையிலும் இல்லை. திட்டும் இல்லை. இரு கரைகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தண்ணீர், தட்டையாக, ஒரு சுழிகூட இல்லாமல். மூச்சை விட்டாள். அந்த மூச்சில் ஒரு நிம்மதி இருந்தது. அதே நிம்மதி அன்றைக்கும் இருந்தது என்பது ஞாபகம் வந்தபோதுதான் கால் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தாள்.

தோட்டத்துக் கதவின் கீழால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாத தண்ணீர். மணலைக் கொண்டுவந்தது. செருப்பை நனைத்தது. கணுக்காலைத் தொட்டது. அவள் கதிரையில் ஏறினாள். கதிரை மிதந்து சரிந்தது. மேசைக்குத் தாவினாள். மடிக்கணினி விழுந்தது, விழுந்த சத்தம் வரவில்லை. முழங்காலில் எழும்பி, பிறகு காலில் நின்றாள். தலை கூரையை முட்டியது. மின்குமிழ் கன்னத்தில் சுட்டது.

தண்ணீர் மேசையின் மட்டத்துக்கு வந்து நின்றது.

சின்ன மேசை. இருவருக்கு இடமில்லை.

விளிம்பில் விரல்கள் தெரிந்தன. ஊறி வெளுத்த விரல்கள். நகங்களுக்குள் மணல். அடியில், தண்ணீருக்குள், அண்ணாந்த ஒரு முகம். இந்த முறை அது புள்ளியில்லை.

"அக்கா, கொஞ்சம் தள்ளு."

ஒரே பாயில் பக்கத்தில் படுக்க வரும்போது சொல்கிற அதே குரல். கோபமில்லை. கெஞ்சலுமில்லை. அக்கா தள்ளுவாள் என்ற நம்பிக்கை.

முன்கதவு திறந்தது. மீன் பையோடு சவிரிமுத்து சமையலறை வாசலில் நின்றார். அவருடைய சப்பாத்து உலர்ந்திருந்தது. தரையும் உலர்ந்திருந்தது, அவருக்கு.

"இம்மா! மேசைக்கு மேல என்ன செய்யிறீர்? இறங்கும், விழப்போறீர்!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தாள். காலை உயர்த்தினாள். குதிக்காலைச் சரியாக வைத்து, முழுப் பாரத்தையும் இறக்கி, மிதித்தாள்.

சுண்டுவிரல்.

அன்றைக்கும் சுண்டுவிரலில்தான் தொடங்கினாள்.

மோதிரவிரல். நடுவிரல். சுட்டுவிரல். கடைசியாகப் பெருவிரல்.

கை தண்ணீருக்குள் இறங்கியது. மீன் பை தரையில் விழுந்தது. அவள் மூச்சு வாங்கியபடி நின்றாள்.

மேசையின் மற்றப் பக்கத்தில், மெதுவாக, ஐந்து விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன.